பனிநாட்டு ஏடுகளும் அறிவிப்பாளர் தராதரமும்

பயண நூல்களைப் படிப்பது இன்பம் தரும் தொழில். அவற்றை எடைபோடுவதோ துன்பம் தரும் தொழில். முன்னதைச் செய்வோர் பலர். பின்னதைச் செய்வோர் சிலர். வட அமெரிக்காவின் பனிப் பரப்பிலே உரோமத் தோல் தேடிச் சென்ற ஆங்கில வணிகரின் நாட்குறிப்புகளையும், அவற்றிலிருந்து பிறந்த அச்சு நூல்களையும் சில காலமாகப் படித்துவருகிறோம். இன்பத்தை அடைந்த பின் துன்பத்தையும் ஏற்பதே முறையென்று கருதி இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

நாம் ஓதிய மத்ரஸாவிலே, ஒரு செய்தி வந்தால் ‘என்ன சொல்லப்பட்டது?’ என்று கேட்பதற்கு முன், ‘யார் சொன்னார்? யாரிடம் கேட்டுச் சொன்னார்?’ என்று வினவும்படி பயிற்றுவித்தார்கள். முன்னதை மத்னு என்பர். பின்னதை ஸனது என்பர். இவ்விரண்டையும் தனித்தனியே சோதிக்கும் பழக்கம் சமய நூல்களோடு நின்றுவிட்டதில்லை. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கி.பி. 921இல், பக்தாதிலிருந்து புறப்பட்டு வோல்கா நதிக்கரைக்குச் சென்ற இப்னு ஃபழ்லான், அரபியில் ஸம்மூர் எனப்படும் விலையுயர்ந்த தோலை விற்க வந்த ரூஸ் வணிகரைக் கண்ணாரக் கண்டு எழுதினார். வழியிலே ஜைஹூன் நதி பதினேழு சாண் கனத்திற்கு உறைந்திருந்தது என்றும் குறித்தார். மூன்று நூற்றாண்டுகள் கழித்து அவருடைய ஏட்டைத் தம் நிலநூல் அகராதியிலே எடுத்தாண்ட யாகூத் ஹமவீ, குவாரிஸ்ம் நாட்டைத் தாமே கண்டவராதலின், அது பொய்யென்றும், மிகுந்தால் ஐந்து சாண்தான் உறையுமென்றும் அவ்விடத்திலேயே மறுத்துரைத்தார். ஆயினும் இப்னு ஃபழ்லானை அவர் தள்ளிவிடவில்லை. ஒரு கூற்றை மறுத்து, ஏனையவற்றைப் பேணினார். திறனாய்வு என்பது இதுவே.

இந்த அளவுகோலைக் கையிற்கொண்டு மேற்றிசைக்குச் செல்வோம்.

1670 மே 2ஆம் நாள் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்ல்ஸ் வழங்கிய பட்டயத்தால் ஹட்சன் விரிகுடாக் கம்பெனி பிறந்தது. பீவர் என்னும் நீர்வாழ் விலங்கின் தோல் ஐரோப்பாவிலே தொப்பிகளுக்குத் தேவைப்பட்டது. அதுவே கம்பெனியின் மூலதனம், அதுவே அதன் நாணயம். துப்பாக்கியாயினும் கம்பளியாயினும் ‘இத்தனை பீவர்’ என்றே விலை குறித்தனர். ஒவ்வொரு வணிகக் கோட்டையிலும் தலைவன் நாள்தோறும் ஏடு எழுதவேண்டும். காற்று, பனி, வந்தவர், போனவர், கொண்டது, கொடுத்தது அனைத்தும் அதிலே ஏறவேண்டும். ஆண்டுதோறும் வரும் கப்பலில் அவ்வேடுகள் இலண்டனுக்குச் செல்லும். இப்படித் திரண்ட பெருஞ்சுவடித் தொகுதி 1974இல் கனடாவின் வின்னிபெக் நகருக்கு வந்தது. 1994இல் மானிடோபா மாநிலத்துக்கு நன்கொடையாயிற்று. 2007இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் இடம்பெற்றது. அக்கம்பெனியின் கடைகள் 2025இல் மூடப்பட்டன. வணிகம் மறைந்தது, ஏடு நிலைத்தது.

இத்தொகுதியோடு தொடர்புடைய நூல்களிலே இலக்கியப் புகழ் மிக்கது சாமுவேல் ஹெர்ன் எழுதிய பயண நூலாகும். வடக்கே செம்பு மலை உண்டென்ற செய்தியைக் கேட்டுக் கம்பெனி அவரை அனுப்பியது. 1769இலும் 1770இலும் செய்த இரு முயற்சிகள் தோற்றன. மூன்றாம் முறை, மட்டோனபீ என்னும் டெனே தலைவரின் துணைகொண்டு 1770 டிசம்பர் 7இல் புறப்பட்டு, காப்பர்மைன் நதி வழியே வடகடலைக் கண்டு, 1772 ஜூன் 30இல் திரும்பினார். செம்பு மலை இல்லை. நெடுநேரம் தேடியும் ஏறத்தாழ நான்கு பவுண்டு எடையுள்ள ஒரு கட்டியே கிடைத்தது. மேற்கே செல்லும் கடல்வழியும் இல்லை. தம்மை அனுப்பிய முதலாளிகள் விரும்பாத இவ்விரு செய்திகளையும் அவர் மறையாது சொன்னார். தன் நலத்துக்கு மாறாகப் பேசுகிறவனின் சொல்லுக்கு எடை அதிகம். இவ்விடத்தில் ஹெர்னை நம்பலாம்.

ஆயின் நதி கடலில் கலக்கும் இடத்தை வடக்கு 71 பாகைக்கும் மேலே குறித்தார்; உண்மையில் அது 68 பாகைக்குச் சற்றுக் கீழே உள்ளது. நல்ல கருவி முந்தைய பயணத்தில் உடைந்துபோயிற்று. பழங்கருவி கொண்டு சென்றார். இது நேர்மைக் குறையன்று, நுட்பக் குறை. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளரின் வாய்மையை வேறாகவும், நினைவின் துல்லியத்தை வேறாகவும் அளப்பார்களே, அவ்வேறுபாடு இங்கே பயன்படுகிறது.

இனி, கடினமான இடத்துக்கு வருகிறோம். 1771 ஜூலை 17ஆம் நாள், ஹெர்னுடன் வந்த டெனே வீரர்கள், நதியின் அருவி ஒன்றின் அருகே உறங்கிக்கொண்டிருந்த இனூயிட் மக்களைத் தாக்கிக் கொன்றனர். அவ்விடத்திற்குக் குருதி அருவி என்ற பெயரே நிலைத்துவிட்டது. 1795இல் வெளிவந்த அச்சு நூலிலே, குத்துண்ட இளம்பெண் ஒருத்தி ஹெர்னின் கால்களைப் பற்றிக்கொண்டு உயிர்விடும் காட்சி வருகிறது. படிப்போர் நெஞ்சைப் பிழியும் காட்சி அது. டெனே மக்கள் கொடியவர் என்ற எண்ணத்தை ஆங்கில வாசகரிடம் பதித்ததில் இக்காட்சிக்குப் பெரும் பங்குண்டு.

ஆனால் இந்நூல் வெளிவந்தபோது ஹெர்ன் உயிரோடில்லை, 1792இலேயே மறைந்துவிட்டார். பயணத்துக்கும் நூலுக்கும் இடையே இருபதாண்டுகளுக்கும் மேல் கழிந்திருந்தன. அதற்கு முந்தைய நிலையைக் காட்டும் கைப்படி ஒன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. இயான் மக்லாரன் என்னும் கனடிய ஆய்வாளர் 1991இல் இரண்டையும் ஒப்புநோக்கினார். கைப்படியிலே தாக்குதலின் வருணனை சுருக்கமானது. கால்களைப் பற்றிய அப்பெண் அங்கே இல்லை. நாவல்களிலே அச்சமும் குருதியும் விரும்பப்பட்ட காலத்தில், அச்சுக்கூடத்துக்குச் செல்லும் வழியில் காட்சி வளர்ந்தது என்பது அவ்வாய்வின் போக்கு.

இதை அறிந்தவுடன் சிலர், ‘அப்படியானால் கொலையே பொய்’ என்று கூறிவிடுவர். அது அவசர முடிவு. நிகழ்ச்சியை ஒரு தட்டிலும், காட்சியை மறு தட்டிலும் வைக்கவேண்டும். கொலை நடந்ததென்பது கைப்படியிலும் உண்டு, அச்சிலும் உண்டு. 1821இல் அவ்வழி சென்ற ஃபிராங்க்ளின் குழுவினர் அங்கே மனித மண்டையோடுகளைக் கண்டதாக எழுதினர். இரு மக்களின் நினைவிலும் அப்பகை நீடித்தது. 1996இல் டெனே, இனூயிட் பிரதிநிதிகள் கூடி மனப்புண் ஆற்றும் சடங்கு நடத்தினர். பல வழிகளால் வந்து ஒன்றையொன்று தாங்கும் செய்தி இது. கால்களைப் பற்றிய பெண்ணோ ஒரே வழியால், அதுவும் காலந்தாழ்ந்து வந்தவள்.

அவளையும் பொய்யென்று தள்ளிவிடலாமா? ‘முதலாளிகளுக்கு அனுப்பும் அறிக்கையில் சொல்லக் கூசியதை, பிற்காலத்தில் மனம் திறந்து எழுதியிருக்கலாமே’ என்று ஒருவர் வினவினால், அதற்கும் இடமுண்டு. முந்திய ஏட்டில் இல்லாமை, நிகழாமைக்குச் சான்றாகாது. ஆகவே இவ்விடத்தில் நம் முடிவு தவக்குஃப், அதாவது தீர்ப்பை நிறுத்திவைத்தல். ஆனால் தீர்ப்பு நிறுத்தப்பட்ட ஒரு காட்சியைக்கொண்டு ஒரு மக்களினத்தின் இயல்பையே தீர்ப்பிடுவது அநீதி. இருநூறாண்டு வாசகர்கள் அந்த அநீதியைச் செய்திருக்கிறார்கள்.

இது ஹெர்ன் ஒருவர்க்கே நேர்ந்ததன்று. கேப்டன் குக் 1778இல் நூட்கா கரையிலே தங்கினார். அவருடைய மாலுமிகள் அங்கே வாங்கிய கடல் நீர்நாய்த் தோல்கள் பின்னர்ச் சீனத்துக் காண்டன் துறைமுகத்தில் பெருவிலைக்குப் போயின. 1784இல் அதிகாரபூர்வப் பயண நூல் வெளிவந்த மறு ஆண்டே வணிகக் கப்பல் அக்கரையை நாடியது. அந்நூலைச் செப்பம் செய்தவர் ஜான் டக்ளஸ் என்னும் பாதிரியார். குக் 1779இலேயே கொல்லப்பட்டுவிட்டார். நூட்கா மக்கள் மனித இறைச்சி உண்போர் என்ற கூற்று, குக்கின் கையெழுத்தில் உள்ளதைவிட அச்சிலே வலுவேறி நிற்பதையும் மக்லாரன் எடுத்துக்காட்டியுள்ளார். இறந்தவர் கையிலிருந்து பதிப்பாளர் கைக்கு ஏடு மாறும்போது, நடுவே உள்ள கண்ணியை எவரும் கேட்பதில்லை. அட்டையில் குக்கின் பெயர் இருக்கிறது. உள்ளே இருவர் பேசுகின்றனர்.

அப்படியானால் அச்சு நூலை விட்டு நாளேட்டையே பற்றிக்கொள்வோம் என்று தோன்றும். நாளேடும் முழுச் சாட்சியன்று. யார்க் ஃபாக்டரி என்ற கோட்டையின் தலைவர் ஜேம்ஸ் நைட் எழுதிய ஏட்டைப் பாருங்கள். 1713இல் கிரீ இனத்தவரால் சிறைபிடிக்கப்பட்ட டெனே இளம்பெண் ஒருத்தி, தப்பி, 1714இல் பசியோடும் குளிரோடும் அக்கோட்டையை வந்தடைந்தாள். மறு ஆண்டு நைட் அனுப்பிய சமாதானக் குழுவுக்கு அவளே மொழிபெயர்ப்பாளர். உணவின்றிக் குழு சிதறியது. வழியிலே கொலையுண்ட டெனே உடல்களைக் கண்டு கிரீயர் அஞ்சித் திரும்ப முனைந்தபோது, பத்து நாள் காத்திருக்கச் சொல்லித் தனியே சென்றாள். தொண்டை கட்டும்வரை பேசித் தன் மக்களை அழைத்துவந்தாள். பகைவர் இருதரப்பையும் ஒருங்கே அமர்த்தினாள். 1717 பிப்ரவரி 5இல் அவள் இறந்தபோது, நைட் தம் ஏட்டில் அன்றைய வானத்தின் தெளிவையும் தம் துயரத்தின் மிகுதியையும் ஒருசேரக் குறித்தார்.

எல்லாம் குறித்தார், அவள் பெயரைக் குறிக்கவில்லை. ‘அடிமைப் பெண்’ என்றே எழுதிச் சென்றார். தனடெல்துர் என்ற அவள் பெயர் எங்கே கிடைத்தது? எழுத்தறியாதவர் என்று ஏடுகள் கருதிய டெனே மக்களின் வாய்மொழி மரபிலே கிடைத்தது. இறந்த நாளை ஏடு காத்தது. பெயரை நாவு காத்தது. இரண்டும் சேர்ந்தபோதுதான் ஒரு மனிதப் பிறவி நமக்குத் தெரிகிறாள். கையெழுத்து இருந்தால்தான் சான்று, வாய்ச்சொல் வெறும் கதை என்று பேசும் படிப்பாளிகள் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்கக் கடமைப்பட்டவர்கள். மனனத்தாலும் வாய்மொழியாலும் கல்வியைக் கைமாற்றிய மரபிலே வளர்ந்த நமக்கு இதில் வியப்பில்லை. ஆனால் அம்மரபையும் சோதித்தே ஏற்கவேண்டும் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

நாட்குறிப்பு சொல்லாததைச் சில வேளை கணக்கேடு சொல்லிவிடும். இலண்டன் குறித்த விலைக்கும் மேலே, கோட்டைத் தலைவர்கள் பழங்குடி வேட்டைக்காரரிடம் கூடுதல் தோல் வாங்கினர். அந்த மிகுவரவு கணக்கிலே தனி வரியாக நிற்கிறது. விருந்தினரை வரவேற்றோம், பரிசளித்தோம் என்று நாட்குறிப்பு இனிமையாகப் பேச, அளவையில் நேர்ந்த குறைவை எண்கள் உலர்ந்த குரலில் சொல்லுகின்றன. எண்ணுக்கு அலங்காரம் தெரியாது.

ஆயினும் ஹெர்னின் நூலை மூடிவைக்கச் சொல்லமாட்டோம். அதிலே நாம் மீண்டும் மீண்டும் திரும்பும் இடம் ஒன்றுண்டு. அது குருதி அருவியன்று. 1772 ஜனவரியிலே பனியில் புதுத் தடம் கண்டு பின்சென்றவர்கள், சிறு குடிலில் தனித்து வாழ்ந்த இளம்பெண் ஒருத்தியைக் கண்டனர். சிறையிலிருந்து தப்பி, ஏழு திங்களாக மனித முகமே காணாதிருந்தவள். கண்ணி வைத்து முயல் பிடித்தாள். கல்லோடு கல் தட்டித் தீ மூட்டினாள். முயல் தோலால் தைத்த உடையிலே அழகும் ஒழுங்கும் இருந்தன. பசி நீங்கிய பொழுதுகளை வீணாக்காமல் வலை பின்னுவதற்கு மரப்பட்டை நார் திரித்துக்கொண்டிருந்தாள். கண்டெடுத்த ஆண்களோ அவளை யார் கொள்வதென்று மற்போர் செய்தனர். ஹெர்ன் இங்கே கண்ணீர் வடிக்கவில்லை. எவரையும் காலில் விழச் செய்யவில்லை. கண்டதை வரிசையாகச் சொல்லி நகர்கிறார். கல்லும் நாரும் முயல் தோலுமே அவளுக்காகப் பேசுகின்றன. இலக்கியமாகவும் சாட்சியமாகவும் இதையே நாம் உயர்ந்ததென்போம்.

இவளுடைய பெயரும் ஏட்டில் இல்லை. தனடெல்துரின் பெயரைக் காத்ததுபோல் இவள் பெயரையும் எந்தக் கிழவியேனும் தன் பேத்திக்குச் சொல்லி வைத்தாளோ, அறியோம். சுவடிச்சாலையில் அமர்ந்து ஏடு புரட்டுவோர், மை காய்ந்த எழுத்தைப் படிப்பதோடு நில்லாமல், அம்மண்ணில் இன்றும் வாழும் மக்களின் வாயையும் கேட்கவேண்டும் என்பதே நம் வேண்டுகோள். எழுதியவர் யார் என்று கேட்பது அறிவு. எழுதப்படாதவர் யார் என்று கேட்பது நீதி.