குவிந்த கையும் பழகிய நாவும்

பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வெளிவந்தது. ஒடுக்கப்பட்டோரின் துயரப் பதிவு என்று அதனைப் போற்றியோர் பலர். சேரியின் பேச்சுத்தமிழில் எழுதப்பட்டமைக்காக முகஞ்சுளித்தோரும் உண்டு. இரு சாராருமே அந்நூலின் ஆழமான பக்கங்களைக் கவனியாது கடந்துவிட்டனர் என்று தோன்றுகிறது. கலவரமும் காவலரின் அடியும் பேசப்படும் இடங்களைவிட, நாள்தோறும் நிகழும் சிறு செயல்கள் பேசப்படும் இடங்களிலேயே நூலின் வலிமை உள்ளது.

பாட்டியை நோக்குங்கள். நாயக்கர் வீட்டில் வேலை செய்கிறார். அவ்வீட்டுச் சிறு பிள்ளையும் அவரைப் பெயர் சொல்லி அழைக்கிறது. அவரோ அப்பிள்ளையை ஐயா என்கிறார். உயரத்திலிருந்து ஊற்றப்படும் தண்ணீரைக் குவித்த கைகளில் ஏந்திக் குடிக்கிறார். எஞ்சிய சோற்றை வாங்கி வருகிறார். இது வேண்டாமென்று பேத்தி தடுக்கும்போது, நமக்குப் படியளக்கும் மகராசர்கள் அவர்கள் என்று அவர்களுக்காகவே பரிந்து பேசுகிறார். இதனை அச்சம் என்றோ அறியாமை என்றோ சொல்லி ஒதுக்கிவிட இயலாது. ஒருநாளும் தவறாமல் குனிந்த உடல், தான் யார் என்பதையும் அக்குனிவிலிருந்தே கற்றுக்கொண்டுவிட்டது.

பலகாரப் பொட்டலத்தை நூலில் தொங்கவிட்டுச் செல்லும் பெரியவரைக் கண்டு சிறுமி சிரிக்கிறாள். அண்ணன் காரணம் சொன்னபின் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பெரியவருக்கோ அது இயல்பான நடை. 

துறவற வாழ்வைப் பற்றிய பகுதிகளில் விவாதம் மிகுந்து காட்சி மங்குகிறது. கூறியது கூறலும் உண்டு. எனினும் நம் திருச்சபையினர் நின்று படிக்க வேண்டியவை அப்பக்கங்களே. ஏழைப் பிள்ளைகளுக்குப் பணியாற்ற மடம் புகுந்தவர், அதன் வசதிகளுக்குத் தாமும் பழகிப்போனதையும், ஏறத்தாழ ஏழு ஆண்டுகளுக்குப் பின் வெளியேறியபோது உலகோடு ஒட்ட இயலாது தவித்ததையும் மறைக்காமல் எழுதுகிறார். வறுமையின் வார்த்தைப்பாட்டை எவரும் மறுக்கவில்லை; மடத்துச் சாப்பாட்டு மேசைதான் அதனைச் சிறிது சிறிதாக வெறுஞ்சொல் ஆக்கிற்று. குவிந்த கை பாட்டிக்குக் கற்பித்ததும், நிறைந்த மேசை துறவியர்க்குக் கற்பித்ததும் ஒரே முறையில்தான் என்பதை நூல் வெளிப்படையாகச் சொல்வதில்லை. அருகருகே வைத்துப் படித்தால் விளங்கும்.

பள்ளியிலும் மடத்திலும் பழகிய எழுத்துத்தமிழை விடுத்து, பாட்டியின் நாவில் இருந்த தமிழிலேயே பேத்தி இவையனைத்தையும் எழுதினார். தொடக்கத்தில் தம் ஊராரே சினந்ததாகப் பாமா பிற்பாடு கூறியிருக்கிறார். தங்கள் அன்றாடம் அச்சேறியதை அவர்களால் முதலில் தாங்க முடியவில்லை.