தட்டைத் திருப்பிப் போட்டவர்கள்

மெதுவாகவும் கனமாகவும் நகரும் ஸ்லட்ஜ் மெட்டல் இசையில் யார் நன்றாக வாசிக்கிறார் என்பதை விற்பனைப் பட்டியல் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னவர்கள் ரசிகர்கள். அதிலும் குறிப்பாக, தாங்களும் மேடையேறி வாசிக்கிற ரசிகர்கள். இந்த இசைக்குத் தேர்வுக்குழு என்று ஒன்று இருந்தால் அது அவர்கள்தான். அவர்களுடைய தேர்வு பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கிறது என்பது என் கட்சி.

டவுன் குழுவின் கதையைப் பாருங்கள். 1991இல் நியூ ஆர்லியன்ஸில் ஐந்து பேர் சேர்ந்தார்கள். பான்டெரா குழுவின் பாடகர் ஃபில் அன்செல்மோ அப்போதே பெயர் பெற்றவர். மற்ற நால்வரும் கரோஷன் ஆஃப் கன்ஃபார்மிட்டி, க்ரோபார், ஐஹேட்காட் ஆகிய குழுக்களில் இருந்தவர்கள். மூன்றே பாட்டைக் கேசட்டில் பதிந்து, வாசித்தது யார் என்று சொல்லாமல், இப்படி ஒரு குழுவைக் கேள்விப்பட்டதுண்டா என்று மட்டும் கேட்டு நண்பர்கள் கையில் கொடுத்தார்கள். கேசட் கைமாறிக் கைமாறி ஊர் ஊராகப் போனது. பெயரைப் பார்த்து மயங்க வழியில்லாத நிலையில், வாசிப்பை மட்டும் வைத்து ரசிகர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். ஒலிப்பதிவு நிறுவனமும் ‘நோலா’ ஆல்பமும் (1995) அதற்குப் பிறகுதான் வந்தன.

கேசட் கைமாறும் இந்த வழக்கம் இந்த இசையின் தொடக்கத்திலேயே உண்டு. பிளாக் ஃபிளாக் என்ற பங்க் குழு 1984இல் ‘மை வார்’ தட்டின் இரண்டாம் பக்கத்தில் வேகத்தை அடியோடு குறைத்தது. வேகத்துக்காகவே வந்த பங்க் ரசிகர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. வாஷிங்டன் மாநிலத்தின் மாண்டிசானோ என்ற சிற்றூரில் மெல்வின்ஸ் குழுவை நடத்திக்கொண்டிருந்த பஸ் ஆஸ்போர்னுக்கோ அதுவே பாதையானது. அவர் பங்க் பாட்டுகளைத் தொகுத்துக் கேசட் பதிந்து கொடுத்த இளைஞர்களில் ஒருவர், பக்கத்து ஊரான அபர்டீனின் கர்ட் கோபேன்.

சரி, இந்த ரசிகர்கள் எதைக் கேட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள்? முதலில் டிரம்மரை. நிமிடத்துக்கு 180 அடி ஓடும் பாட்டில் இரண்டு அடிகளுக்கு நடுவே நொடியில் மூன்றில் ஒரு பங்குதான் இடைவெளி. 60க்கு இறக்கினால் முழு நொடி. அந்த நொடிக்குள் கை முந்தத் துடிக்கும். பந்தைக் காற்றில் மிதக்கவிடும் சுழற்பந்து வீச்சாளருக்கு உள்ள ஆபத்துதான் இவருக்கும்: வேகம் இல்லாததால் பிழையை மறைக்க இடமில்லை. சௌக்க காலத்தில் பாடிப் பார்த்தவர்களுக்கு இந்தச் சிரமம் தெரியும்.

ஐஹேட்காடின் ஜோயி லகேஸ் இதில் தேர்ந்தவர். ‘டேக் ஆஸ் நீடட் ஃபார் பெய்ன்’ (1993) ஆல்பத்தில் அவருடைய ஸ்னேர் அடியை மட்டும் தனியாகக் கவனியுங்கள். கிட்டார் இறங்கும் இடத்துக்கு ஒரு மயிரிழை பின்தங்கி விழும். அந்தத் தாமதம்தான் மொத்தக் குழுவையும் சேற்றில் கால் புதைந்து நடப்பதுபோல் ஒலிக்கவைக்கிறது. பங்க் வேகத்துக்குத் தாவிவிட்டு மறுபடி மெதுவாக இறங்கும்போதும் அவர் தடுமாறுவதில்லை. இதே குழுவில் கிட்டார் வாசிக்கும் ஜிம்மி போவர், டவுனில் டிரம்ஸ் வாசிப்பவர் என்பதும் இங்கே முக்கியம். ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கை, எங்கே நிறுத்தினால் தாளத்துக்கு மூச்சு கிடைக்கும் என்று அவருக்குத் தெரிகிறது. லகேஸ் 2013இல் இறந்தார். அவர் கடைசியாகப் பதிந்த அடிகள் அடுத்த ஆண்டு வெளிவந்த ஆல்பத்தில் இருக்கின்றன.

அதிகம் அறியப்படாத குழுக்களுக்கு வருவோம். இந்த உலகில் ‘ஸ்ப்ளிட்’ தட்டு என்று ஒன்று உண்டு. ஒரே இசைத்தட்டு, பக்கத்துக்கு ஒரு குழு. செலவு பாதியாகும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரியது, ஒரு குழு தன் ரசிகர்களிடம் இன்னொரு குழுவைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஐஹேட்காடுக்காக ஒரு தட்டை வாங்கியவர் அதைத் திருப்பிப் போட்டால் அங்கே நியூயார்க்கின் ‘தர்ட்டீன்’ இருந்தது. தர்ட்டீனைத் தேடிப் போனால், பாஸ்டனின் ‘கிரீஃப்’ குழுவோடு அவர்கள் பகிர்ந்த தட்டு. கிரீஃப்பைத் தொடர்ந்தால் ஜப்பானின் ஒசாகாவிலிருந்து ‘கரப்டட்’. அங்கிருந்து கலிஃபோர்னியாவின் ‘நூத்கிரஷ்’. நான்கைந்து தட்டுகளில் பசிஃபிக்கைத் தாண்டிப் போய்த் திரும்பியும் வந்துவிடலாம். எந்த விளம்பரமும் இந்த வரிசையைப் போட்டுத் தந்திருக்காது.

இவர்களில் கிரீஃப்பைத் தொடங்கியவர்கள் டிஸ்ரப்ட் என்ற அதிவேகப் பங்க் குழுவில் இருந்தவர்கள். வேகம் வராததால் மெதுவாக வாசிக்கிறார்கள் என்று இந்த இசையைப் பற்றி இன்னும் சொல்பவர்களுக்கு இதுவே பதில். தர்ட்டீனின் கிட்டார் கலைஞர் லிஸ் பக்கிங்ஹாம் பின்னாளில் எலெக்ட்ரிக் விசர்ட் குழுவில் சேர்ந்தபோது, அவருடைய கைவண்ணம் ஸ்ப்ளிட் தட்டு கேட்டவர்களுக்கு ஏற்கெனவே பழக்கம்.

ஆனால் என்னை அதிகம் ஈர்ப்பது கரப்டட். ஜப்பானியக் குழு, பாடுவதோ பெரும்பாலும் ஸ்பானிஷில். பேட்டி தருவதில்லை, புகைப்படம் கொடுப்பதில்லை. பத்திரிகை எழுத எதையுமே மிச்சம் வைக்காத இவர்கள் ரசிகர் வாய்வழியாக மட்டுமே உலகம் சுற்றினார்கள். 1997இல் வந்த ‘பாசோ இன்ஃபீரியர்’ முழுக்க ஒரே பாட்டு, அரை மணி நேரத்துக்கும் மேல். 2005இன் ‘எல் முண்டோ ஃப்ரியோ’வும் ஒரே பாட்டுதான், 70 நிமிடத்தைத் தாண்டும். அதில் வெகுநேரம் மெல்லிய வாசிப்புதான் கேட்கும். சத்தம் வரப்போகிறது என்று தெரிந்தே காத்திருக்கிறோம். வந்ததும் டிரம்மர் ஹசேகாவா அவசரப்படுவதில்லை. ஒவ்வொரு அடிக்கும் பிறகு சிம்பல் அடங்கும்வரை விட்டு, அடங்கும் தறுவாயில் அடுத்ததை இறக்குகிறார். இத்தனை நீளத்துக்கு அந்தக் காலப்பிரமாணத்தைக் கட்டிக்காப்பது அசாதாரணமான உடல் ஒழுக்கம். இவ்வளவு பெரிய வாசிப்பை இத்தனை குறைவான பேர் கேட்டிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ரசிகர்கள் தவறே செய்வதில்லை என்று சொல்லவரவில்லை. சில நூறு பிரதிகள் மட்டும் அச்சான தட்டு என்றாலே மேன்மையானது என்று நினைப்பவர்கள் உண்டு. அரிதாகக் கிடைப்பது சேகரிப்பவரின் பெருமை. அதற்கும் வாசிப்பின் தரத்துக்கும் சம்பந்தமில்லை. நான் மதிப்பது, எந்தப் பாட்டில், எந்த இடத்தில், யாருடைய கையைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லித்தரும் ரசிகரை. நாட்டிங்ஹாமின் ‘அயர்ன் மங்கி’யை அப்படித்தான் கேட்க வேண்டும். மறைந்த பாடகர் ஜானி மாரோவின் குரல் முதலில் காதைக் கிழிக்கும். அதைத் தாண்டி அடியில் துள்ளும் ரிஃப்பைப் பிடித்துக்கொண்டால் ‘அவர் ப்ராப்ளம்’ (1998) முழுதும் வசப்பட்டுவிடும்.

இந்தத் தேர்வுக்குழுவின் பொறுமைக்கு ‘ஆசிட் பாத்’தை விடச் சிறந்த சான்று வேண்டாம். லூசியானாவின் ஹூமா ஊர்க் குழு. 1994இல் ஒரு ஆல்பம், 1996இல் ஒன்று, அவ்வளவுதான். 1997 ஜனவரியில், குடிபோதையில் வந்த ஓட்டுநர் மோதி பேஸ் கலைஞர் ஆடி பிட்ரே இறந்தார். குழு அதோடு நின்றது. பாடகர் டாக்ஸ் ரிக்ஸ் உறுமலிலிருந்து தாலாட்டுக்கு ஒரே மூச்சில் இறங்கும் அந்த இரண்டு ஆல்பங்களையும் பிறகு சுமந்தவர்கள், ஒருவர் இன்னொருவருக்குப் போட்டுக்காட்டிய ரசிகர்கள்தான். 2025இல் குழு மீண்டும் மேடையேறியது. 1997இல் பிறந்தே இராத பிள்ளைகளும் அந்த இரண்டு ஆல்பங்களை மனப்பாடமாக வைத்துக்கொண்டு அங்கே வந்து நின்றார்கள்.