ஓராள் ஆடும் துன்பியல்: எதிரே நிற்பது யார்?

வூ சிங்-குவோ புயலில் அலையும் லியர் மன்னனாக வருகிறார். பீக்கிங் ஒப்பராவுக்குரிய கனத்த உடை, மார்பில் புரளும் நீண்ட வெள்ளைத் தாடி. மூச்சு வாங்க ஆடி முடித்தவர் சபையோர் கண்முன்னேயே தாடி, தலையணி, மேலங்கி எல்லாவற்றையும் களைகிறார். நான் யார் என்று கேட்கிறார். கேட்பது லியரா, வேஷம் கலைந்த நடிகரா? இரண்டுக்கும் இடம் விட்டுத்தான் நிற்கிறார்.

தாய்வான் நடிகரான வூ இந்த ஓராள் லியரை 2001இல் மேடையேற்றினார். ஷேக்ஸ்பியர் துன்பியலிலிருந்து பத்துப் பாத்திரங்களை அவர் ஒருவரே ஆடுகிறார். மன்னன், மூன்று மகள்மார், கோமாளி, கண் பிடுங்கப்பட்ட குளொஸ்டர் என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுகிறார். தாவும் இடத்தில் குழப்பமே வருவதில்லை. காரணம் குரல் மாற்றம் மட்டுமன்று. பீக்கிங் ஒப்பராவில் கிழவனுக்கு ஒரு நடை, பெண்ணுக்கு ஒரு நடை, கோமாளிக்கு இன்னொன்று. சிறுவயதிலேயே அந்தக் கலையின் பள்ளியில் சேர்ந்து அடி வாங்கிப் பழகிய உடம்பு அவருடையது. பாதம் தரையில் படும் விதத்திலேயே ஆள் மாறிவிடுகிறார்.

ஆனால் உடற்பயிற்சி மட்டும் இந்த ஆட்டத்தை வெல்ல வைக்கவில்லை. 1986இல் ‘மக்பெத்’தைப் பீக்கிங் ஒப்பராவாக்கித் தன் குழுவைத் தொடங்கியவர் வூ. மரபை உடைக்கிறான் என்ற பழி வந்தது. தன்னை வளர்த்த ஆசிரியரோடு மூண்ட பிணக்கு அந்த ஆசிரியர் சாகும்வரை தீரவில்லை. 1998இல் பணமில்லாமல் குழுவும் நின்றுபோயிற்று. பிறகு பாரிசில் பிரெஞ்சு நெறியாளர் அரியான் முனுஷ்கின் நடத்திய பட்டறையில் லியரின் ஒரு துண்டை ஆடிக் காட்டினார். மேடைக்குத் திரும்பு என்று முனுஷ்கின் வற்புறுத்தியதில் பிறந்ததுதான் முழு ஆற்றுகை. பிள்ளைகளைச் சபிக்கும் தகப்பனை ஆடும்போது வூவுக்கு எதிரே அந்த ஆசிரியர் நிற்கிறார் என்று வாசித்தால்தான் அந்த ஆவேசம் விளங்கும்.

ஓராள் அரங்கை அலசுகிறவர்கள் பெரும்பாலும் ‘எத்தனை பாத்திரம், எத்தனை குரல்’ என்று புள்ளி போடுகிறார்கள். அது பலகுரல் நிகழ்ச்சிக்குப் போடும் புள்ளி. இங்கே கேட்கவேண்டியது, எதிரே யார் நிற்கிறார் என்பதுதான். துன்பியல் மோதலில் பிறப்பது. மோத ஒருவர் வேண்டும்.

கிரேக்கத் துன்பியலே ஒற்றை நடிகரோடு தொடங்கியதுதான். இரண்டாம் நடிகரை ஈஸ்கிலஸும் மூன்றாமவரை சொபொக்ளிஸும் கொண்டுவந்ததாக அரிஸ்டோட்டில் எழுதியிருக்கிறார். அந்த முதல் நடிகரும் தனியாக இல்லை. எதிரே பாடகர் குழு நின்றது. 2012இல் ஸ்கொட்லாந்தில் நடிகர் அலன் கமிங் ‘மக்பெத்’தை மனநல விடுதி நோயாளி ஒருவரின் புலம்பலாக ஆடினார். விளம்பரத்தில் ஓராள். மேடையிலோ மருத்துவரும் தாதியுமாக இன்னும் இருவர். நோயாளியைக் கண்காணிக்கும் அந்தக் கண்கள் இல்லையென்றால் நாடகம் பாதி செத்துவிடும்.

கனடாவின் ரொபேர் லெபாஜ் 1995இல் ‘ஹாம்லெட்’டைத் தனியாக ஆடியபோது எதிரே நிறுத்தியது இயந்திரத்தை. சுழலும் சுவர், திரை, ஒளி என்று அசத்தல்தான். மறு ஆண்டு எடின்பரோ விழாவில் பொறி பழுதாக, காட்சி இரத்தானது. கூத்தில் பாடகருக்குத் தொண்டை கட்டினாலும் மத்தளத்தை வைத்துச் சமாளிக்கலாம். பொறி நின்றால் ஹாம்லெட்டும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

நமக்குப் பக்கத்திலேயே நல்ல விடை இருக்கிறது. கேரளத்தின் மார்கி மது சாக்யார் சமஸ்கிருத நாடக மரபான கூடியாட்டத்தில் ‘மக்பெத்’தைத் தனியே ஆடியவர். எதிரே மிழாவு என்னும் முழவு முழங்கும். கணவனிலிருந்து மனைவிக்கு மாற, தொங்கும் துணி முனையை இடுப்பில் செருகினால் போதும். ‘பகர்ந்நாட்டம்’ என்று அவர்கள் சொல்லும் இந்த உத்தி மேலைநாட்டுப் பரிசோதனைகளுக்கு எத்தனையோ காலம் முந்தியது.

இலங்கைத் தமிழரிடம் இதற்குச் சமமான சரக்கு உண்டா? உண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனையில் ‘கர்ணன் போர்’ கூத்தை மேடைக்கு ஏற்றவகையில் சுருக்கித் தந்தார். பின்னர் வந்தது சி. மௌனகுரு எழுதிய ‘இராவணேசன்’. கம்பனின் யுத்த காண்டத்திலிருந்து இராவணனைத் துன்பியல் நாயகனாக வார்த்த வடமோடிக் கூத்து நாடகம் அது. வடமோடியில் அரசனுக்கு ஒரு வரவுத் தாளம், பெண்ணுக்கு வேறொன்று. வூவுக்குப் பீக்கிங் ஒப்பரா தந்த அதே திறவுகோல் இது. இராவணனாக நின்ற நடிகர் தாளம் மாறிய கணத்திலேயே மண்டோதரி ஆகலாம். கும்பகர்ணனாக இருந்து கொண்டே அண்ணனைக் கண்டிக்கலாம்.

எதிரே நிற்கவும் ஆள் உண்டு: அண்ணாவியார். கூத்தில் அவர் பக்கவாத்தியக்காரர் அல்லர், ஆட்டத்தை நடத்துகிறவர். அவர் மத்தளத்தைப் பிடிவாதமாக நிறுத்திவிட்டால் பத்துத்தலை அரசனும் ஓரடி எடுத்துவைக்க முடியாது. துன்பியலுக்கு இதைவிட நல்ல எதிராளி எங்கே கிடைப்பான்?

ஆனால் கொழும்பில் ஓராள் அரங்கைத் தேடிப் போகிறவர்களுக்கு அதிகம் தெரிந்த காரணம் வேறு. பத்துப் பேரின் வேலைநேரத்தைப் பொருத்தி ஒத்திகை வைப்பதற்குள் விழாவே முடிந்துவிடும். செலவை மிச்சம் பிடிக்கத்தான் ஓராள் என்றால் பார்ப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும். பாடசாலைப் போட்டித் தனிநடிப்பைப் போலக் குரலை உயர்த்தி அழுது முடித்துவிடுவார்கள். ஆட்டம் தெரிந்த உடம்புக்கு மாதக்கணக்கான பயிற்சி வேண்டும்.

பம்பலப்பிட்டிக் கதிரேசன் மண்டபத்தையோ சரஸ்வதி மண்டபத்தையோ நிரப்புவது முதல் முயற்சிக்குப் பேராசை. வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்கத்தின் சங்கரப்பிள்ளை மண்டபத்தில், நூறு நாற்காலியை வட்டக்களரி போலச் சுற்றிப் போட்டாலே போதும். ஓராள் இராவணனை யாராவது கையில் எடுக்கட்டும். எடுப்பவர்கள் மட்டக்களப்பிலிருந்து ஓர் அண்ணாவியாரை முதல் நாள் ஒத்திகைக்கே அழைக்கவேண்டும். சம்பளத்திலும் விளம்பரத் தாளிலும் அவருக்கும் நடிகருக்கும் ஒரே இடம் கொடுக்கவேண்டும்.