சமூகச் சிக்கல்களை விவாதித்து ஆங்கிலம் கற்பித்தல்: எண்ணூர் நெட்டுக்குப்பத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆங்கில இலக்கணத்தின் அடிப்படையை ஓரளவு கற்று, செய்தித்தாளைத் தட்டுத்தடுமாறியாவது படித்துவிடக் கூடிய, ஆனால் நான்கு வாக்கியங்களைத் தொடர்ந்து பேச இயலாத மாணவர்களுக்குச் சமூகச் சிக்கல்களை விவாதப் பொருளாகத் தந்து மொழி கற்பிக்கும் முறை பரவலாகப் பரிந்துரைக்கப்படுகிறது. ஐரோப்பிய அவை 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் சட்டகத்தில் 'பி2' எனப்படும் படியை இவர்கள் எட்ட வேண்டும் என்பது இலக்கு. நடப்புச் சிக்கல் ஒன்றில் தன் நிலைப்பாட்டைச் சொல்லவும், பல வழிகளின் நன்மை தீமைகளை விளக்கவும் தெரிந்திருப்பது அந்தப் படிக்குரிய திறன்களில் ஒன்று. ஆகவே வகுப்பில் விவாதம் நடத்துவது பொருத்தமானதே. விவாதம் நடந்தால் மொழி தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கைதான் ஐயத்துக்குரியது. இக்கட்டுரை அந்த நம்பிக்கையை, வடசென்னையின் எண்ணூரில் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய நெட்டுக்குப்பத்தையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் முன்வைத்துப் பரிசீலிக்கிறது.

தமிழ்நாட்டில் இம்முறைக்கு 'குரூப் டிஸ்கஷன்' என்று பெயர். கல்லூரி வேலைவாய்ப்பு நேர்காணலுக்கான பயிற்சியாக இது நுழைந்து, இப்போது மாலைநேர ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு வரை வந்துவிட்டது. தலைப்புகள் மாறுவதில்லை: சமூக ஊடகம் வரமா சாபமா, பெண் கல்வி, சுற்றுச்சூழல் மாசு, கைப்பேசியின் தீமைகள். மாணவர் எழுந்து, மனப்பாடம் செய்த இரண்டு வரிகளைச் சொல்லி உட்கார்கிறார். அடுத்தவர் 'ஐ அக்ரி வித் மை ஃப்ரெண்ட்' என்று தொடங்கி, அதே இரண்டு வரிகளை இடம் மாற்றிச் சொல்கிறார். நமக்குப் பட்டிமன்றம் பழகிய வடிவம் என்பதால் இதில் ஒரு சிக்கல் கூடுதலாகச் சேர்கிறது. அணி பிரிந்ததும் கைதட்டலுக்குப் பேசத் தொடங்கிவிடுகிறோம். ஆசிரியர் நடுவராகி இரு தரப்பையும் பாராட்டி முடித்துவைக்கிறார். பட்டிமன்றம் நல்ல கலைதான். ஆனால் அதில் யாரும் எதிரணியின் வாதத்தைக் கேட்டுத் தன் கருத்தை மாற்றிக்கொள்வதில்லை.

தலைப்புகள் இப்படிச் சப்பென்று இருப்பதற்கு நம் ஆசிரியர்கள் மட்டும் காரணமில்லை. உலகச் சந்தைக்காக ஆங்கிலப் பாடநூல் தயாரிக்கும் பதிப்பகங்கள், எந்த நாட்டிலும் யாரும் முகம் சுளிக்கக் கூடாது என்பதற்காகச் சில பொருள்களைத் தவிர்க்கின்றன. அரசியல், மது, மதம், பாலியல், போதைப்பொருள், கொள்கைவாதங்கள், பன்றி இறைச்சி ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'பார்ஸ்னிப்' என்று துறைக்குள்ளேயே இதைக் கேலியாகச் சொல்வார்கள். இதற்கு மறுப்பாக வந்தவற்றில் ஒன்று ரிச்சர்ட் மெக்ஆண்ட்ரூ, ரான் மார்ட்டினெஸ் இருவரும் 2001-இல் வெளியிட்ட 'டாபூஸ் அண்ட் இஷ்யூஸ்' என்ற பாடத் தொகுப்பு. துணிச்சலான முயற்சி அது. ஆயினும் எங்கோ தொகுக்கப்பட்ட சர்ச்சை நம் வகுப்புக்கு வரும்போது அதுவும் இன்னொரு பாடம்தான். மாணவருக்கு அதில் இழப்பதற்கோ பெறுவதற்கோ எதுவும் இல்லை.

பிரபு சொன்னது

இம்முறையை மதிப்பிடத் தேவையான கருவி வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதில்லை. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய இடங்களின் சில பள்ளிகளில் ஒரு சோதனைத் திட்டத்தை நடத்தினார். இலக்கண வரிசையை ஒதுக்கிவிட்டு, மாணவர்கள் சிந்தித்து விடை காண வேண்டிய வேலைகளையே பாடமாக வைத்த திட்டம் அது. ஆங்கிலக் கல்வி உலகில் 'பெங்களூர்த் திட்டம்' என்று புகழ்பெற்றது. 1987-இல் வந்த 'செகண்ட் லாங்வேஜ் பெடகாஜி' என்ற நூலில் அவர் வகுப்பறை வேலைகளை மூன்றாகப் பிரித்தார்: ஒருவரிடம் உள்ள தகவலை மற்றவருக்குத் தருவது, கொடுத்த தகவலிலிருந்து காரணம் கண்டு புதிய முடிவுக்கு வருவது, சொந்தக் கருத்தைச் சொல்வது. இவற்றில் அவர் அதிகம் நம்பியது இரண்டாவதை. கருத்துச் சொல்லும் வேலையில் விடை சரியா தவறா என்று காட்ட வழியில்லை. அதனால் திணறும் மாணவருக்குப் பிடிமானம் இல்லாமல் போகிறது. இன்னொன்றும் சொன்னார். மாணவர்களைக் குழுவாகப் பிரித்துத் தங்களுக்குள் பேசவிட்டால், ஒருவர் பிழையை மற்றவர் உறுதிப்படுத்தி, குறைபட்ட ஒரு மொழியே நிலைத்துவிடும் என்று அஞ்சினார்.

பிரபுவின் மாணவர்கள் பள்ளிச் சிறுவர்கள். பொன்னேரி உலகநாத நாராயணசாமி அரசுக் கல்லூரியிலோ வியாசர்பாடி அம்பேத்கர் அரசுக் கல்லூரியிலோ படிக்கும் இருபது வயது இளைஞருக்கு அவர் கூற்றை அப்படியே பொருத்த முடியாது. அந்த வயதில் கருத்து இல்லாமல் பேச்சே இல்லை. இருந்தாலும் வரிசையைப் பற்றி அவர் சொன்னதில் உண்மை உள்ளது. காரணம் முதலில், கருத்து பிறகு என்று வைத்தால் விவாதம் வேறு தரத்துக்குப் போகிறது.

2023 டிசம்பர்: ஒரு பாடப்பொருள்

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையின்போது, மணலியிலுள்ள சென்னை பெட்ரோலிய நிறுவன வளாகத்திலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தை அடைந்தது. தொடக்கத்தில் நிறுவனம் கசிவை மறுத்தது. எண்ணெய் அங்கிருந்துதான் வந்தது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூறியது. படகும் வலையும் எண்ணெய் படிந்து கிடந்த அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில், பெரியகுப்பம் அருகே கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தது. சுற்றிலும் உள்ள குப்பங்களின் மக்கள் இருட்டில் வீட்டை விட்டு ஓடினார்கள்.

இதை 'மாசு பற்றி உன் கருத்து என்ன' என்று கேட்டு வகுப்பில் வைப்பது வீண். நெட்டுக்குப்பத்து மாணவருக்கு அதில் கருத்து ஏற்கெனவே இருக்கிறது. தமிழில் கேட்டால் யாரும் நிறுத்த முடியாது. ஆங்கிலத்தில் கேட்டால் 'பொல்யூஷன் இஸ் வெரி பேட்' என்று முடிந்துவிடுகிறது. பழி மாணவர் மேல் விழுகிறது. கேள்வியின் மேல்தான் விழ வேண்டும்.

எண்களைக் கொடுத்துப் பாருங்கள். அமோனியாக் கசிவுக்குப் பின் வாரியம் வெளியிட்ட அளவீட்டின்படி, தொழிற்சாலை வாயிலருகே காற்றில் அமோனியா ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம், வரம்பு 400. கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம்; வரம்பு 5. ஆனால் அந்த 400 என்பது 24 மணிநேரச் சராசரிக்கான வரம்பு. ஒரு வேளையில் எடுத்த அளவை நாள் சராசரிக்கான வரம்போடு ஒப்பிடலாமா? நிறுவனத்தின் பக்கம் நிற்பவர் என்ன சொல்வார்? கசிவு நடந்த நிமிடத்தில் அளவு என்னவாக இருந்திருக்கும் என்று மக்கள் பக்கம் நிற்பவர் எப்படித் திருப்பிக் கேட்பார்? இங்கே 'எக்ஸீட்', 'ஆவரேஜ்', 'அஸ் அகெய்ன்ஸ்ட்' போன்ற சொற்களும், 'இஃப் இட் ஹாட் பீன்' போன்ற நிபந்தனைத் தொடரும் தேவையின் காரணமாக வந்து சேர்கின்றன. மூன்றாம் நிபந்தனை வாக்கியத்தை மழை பெய்தால் குடை என்று கற்பிக்க வேண்டிய கட்டாயமில்லை.

எண்ணெய்க் கசிவு நிவாரணமும் நல்ல பொருள். வாழ்வாதாரம் பாதித்த மீனவர் குடும்பத்துக்கு ரூ. 12,500, படகைச் சரிசெய்ய ரூ. 10,000, பாதிக்கப்பட்ட பிற குடும்பங்களுக்கு ரூ. 7,500 என்று அரசு அறிவித்தது. ஆற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் தம்பதியர் எந்தப் பட்டியலில் வருவார்கள்? படகு வைத்திருப்பவரிடம் கூலிக்குப் போகிறவர்? மீன் விற்கும் விதவை? இவற்றுக்கு ஒரே விடை இல்லாமல் இருக்கலாம். ஆனால் அறிவிப்பின் வாசகத்தைக் காட்டித்தான் எந்த விடையையும் நிறுவ முடியும். அங்கேயே 'ரிலீஃப்', 'காம்பென்சேஷன்' என்ற இரண்டு சொற்களின் வேறுபாட்டையும் சொல்லிவிடலாம். முன்னது அரசு துயர் துடைக்கத் தருவது. பின்னது கெடுத்தவர் கடனாகத் தர வேண்டியது. தமிழில் நிவாரணம், இழப்பீடு என்று நமக்கும் தனிச் சொற்கள் உண்டு, நாம்தான் கலந்து பேசுகிறோம்.

இலக்கணத்தில் ஆசிரியர்கள் தவறவிடும் ஓர் இடம் செய்வினை, செயப்பாட்டுவினை. நூறு வாக்கியங்களை மாற்றி எழுதச் சொல்வோம், எதற்கு மாற்றுகிறோம் என்று சொல்வதில்லை. 'ஆயில் என்டர்ட் தி க்ரீக்' என்றால் எண்ணெய் தானே நடந்து வந்தது போலிருக்கிறது. 'ஆயில் வாஸ் ரிலீஸ்ட்' என்றால் யாரோ விட்டார்கள், பெயர் இல்லை. 'தி ரிஃபைனரி ரிலீஸ்ட் ஆயில்' என்று எழுதினால் சான்று காட்ட வேண்டியிருக்கும். மூன்றும் இலக்கணப்படி சரி. எதை யார் எப்போது எழுதுகிறார்கள் என்று ஒரே நாளின் இரண்டு ஆங்கில நாளிதழ்களை வைத்துப் பார்த்தாலே ஒரு மணி நேரம் போதாது. 'புறம்போக்கு' என்ற சொல்லையும் இப்படியே கையாளலாம். சென்னை வருவாய்த்துறை ஆங்கிலத்தில் அது மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே நிற்கிறது. எண்ணூரில் படமாக்கி 2017-இல் டி. எம். கிருஷ்ணா பாடி வெளிவந்த 'சென்னை புறம்போக்குப் பாடல்' அச்சொல்லின் இழந்த மதிப்பைப் பற்றியதுதான். வெளியூர்க்காரர் ஒருவருக்கு அச்சொல்லை ஆங்கிலத்தில் விளக்கச் சொல்வது 'வேஸ்ட்லேண்ட்' என்ற மொழிபெயர்ப்பு எவ்வளவு தவறு என்பதையும் காட்டிவிடும்.

யாரைப் பேசச் சொல்கிறோம்

சொந்த ஊரின் சிக்கலை எடுப்பதில் ஆபத்தும் உண்டு. விவாத முறையை ஆதரித்து எழுதுபவர்கள் பலர் இதைத் தொட்டுச் செல்வதோடு சரி.

பிரேசிலின் பாவ்லோ ஃபிரெய்ரே இங்கே அடிக்கடி மேற்கோள் காட்டப்படுபவர். 1963-இல் ஆங்கிகோஸ் என்ற சிற்றூரில் உழைக்கும் மக்களுக்கு அவர்கள் வாழ்க்கையிலிருந்தே சொற்களை எடுத்து எழுத்தறிவித்தவர். ஆனால் அம்மக்கள் பேசிய மொழி அவர்களுடையது. எழுத்து மட்டும் இல்லாமல் இருந்தது. நம் மாணவரின் நிலை தலைகீழ். எழுத்துத் தெரியும், பேச்சு வராது. தன் மொழியில் வீறுடன் பேசக் கூடிய ஒருவரை, அவர் குடும்பத்தின் துயரத்தைத் தெரியாத மொழியில் சொல்லச் சொல்லி, நடுவில் 'வெண்ட் அல்ல, கான்' என்று திருத்துவது ஃபிரெய்ரேவின் வழி ஆகாது. இக்கட்டுரையாளர் உடனிருந்த ஒரு மாலை வகுப்பில் கசிவு இரவைப் பற்றிப் பேச எழுந்த பெண், கடந்தகால வினையில் இரண்டு முறை திருத்தப்பட்டதும் 'தட்ஸ் ஆல் சார்' என்று உட்கார்ந்துவிட்டார். அதன்பின் அந்த வகுப்பில் அவர் வாய் திறக்கவில்லை.

இன்னொரு சங்கடம். ஒரே பெஞ்சில் மீனவர் மகனும், அதே ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவரின் மகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆலையை மூடலாமா என்ற தலைப்பு நகரத்தின் வேறொரு பகுதியில் விவாதம். இங்கே அது வீட்டு வருமானம். அணி பிரித்தால் வகுப்பு முடிந்தும் அணி பிரிந்தே நிற்கும். சொந்தக் கதையை யாரிடமும் கேட்காமல், ஆவணத்தை நடுவில் வைத்து, தரப்புகளைச் சீட்டுக் குலுக்கிக் கொடுப்பது இதற்கு ஓரளவு தீர்வு. மீனவர் மகன் நிறுவன வழக்கறிஞராகப் பேசட்டும். விருப்பமுள்ளவர் பிறகு தம் அனுபவத்தைத் தமிழிலேயே சொல்லி, அடுத்த வாரம் ஆங்கிலத்தில் எழுதி வரட்டும். திருத்தம் எழுத்தில் இருக்கட்டும்.

எழுதச் சொல்லும் வேலையிலும் பொய் கூடாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கோ ஆட்சியருக்கோ ஆங்கிலத்தில் கடிதம் எழுதுக என்பது வழக்கமான வினா. அக்கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் விண்ணப்பத்தையும் தமிழில் தரலாம். ஆங்கிலம் தவிர்க்க முடியாதது வேறிடத்தில்: பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணைகள், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டின் முழு அறிக்கை. 2020-இல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வந்தபோது, எட்டாம் அட்டவணை மொழிகளில் பெயர்க்கும்படி டெல்லி உயர்நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே நெட்டுக்குப்பத்து வகுப்பின் இறுதி வேலை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு இருக்கலாம்: தீர்ப்பாய ஆணை ஒன்றின் இரண்டு பக்கங்களைப் படித்து, அதில் யாருக்கு என்ன கட்டளை, எத்தனை நாள் கெடு என்பதை வீட்டிலுள்ள பெரியவருக்குப் புரியும்படி தமிழில் பத்து வரி எழுதி வருவது. ஆணையிலுள்ள 'ஷல்', 'மே' என்ற இரண்டு துணைவினைகளை மாற்றிப் புரிந்துகொண்டவர் அந்தப் பத்து வரியிலேயே பிடிபட்டுவிடுவார்.