‘முறிந்த பனை’யில் ஒரு பெண் குரல்

ஈழப் போரைப் பற்றிய ‘முறிந்த பனை’ (1990) நால்வர் ஆக்கிய நூல். அவருள் ஒரே பெண், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவராயிருந்த ராஜினி திரணகம. 1987இல் இந்திய அமைதிப்படையும் புலிகளும் பொருதியபோது பெண்கள் பட்ட பாட்டைக் கேட்டறிந்து அவர் எழுதிய பகுதியே நூலின் உயிர்நாடி. அரசியல் வரலாறு விரியும் பிற பகுதிகளில் வாசகர் களைப்புறுவதுண்டு. இங்கோ பெண்கள் நம் எதிரே அமர்ந்து பேசுகின்றனர். கருவி ஏந்திய எத்தரப்பின் குற்றத்தையும் ராஜினி மறைக்கவில்லை. உண்மையை எழுதி வைத்தலே அவர் ஆற்றிய அமைதிப் பணி. நூல் அச்சேறுமுன், 1989 செப்டம்பர் 21இல், அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நம் திருவண்ணாமலை மாவட்டத்திலும் ஈழத் தமிழர் முகாம்கள் உண்டு. அரிசியும் துணியும் அளித்த நாம், அங்குள்ள அன்னையர் சொல்வதை என்றேனும் அமர்ந்து கேட்டோமா?