ரத்தத்தைக் கறுப்பாகக் காட்டும் டார்ச்

அட்டைப் பெட்டியில் 90,000 லூமன் என்று அச்சடித்திருந்தது. பக்கத்திலேயே ஒரு படம்: மலை, மலைமேல் கோட்டை, கோட்டைவரை நீளும் வெள்ளைக் கோடு, அதன்மேல் 5 கி.மீ. என்று எழுத்து. காரில் இருக்கும் எச்4 ஹாலோஜன் பல்பே லோ பீமில் 1,000 லூமன்தான் தரும். இதெல்லாம் தெரிந்தும் வாங்கினேன். குப்பம் பஜாரில் பொழுது சாய்ந்த நேரத்தில் கடைக்காரர் எதிர்ச்சுவரில் ஒரு தடவை அடித்துக் காட்டினார். கை தானாகப் பணப்பையைத் தேடிப் போய்விட்டது.

அந்த டார்ச்சின் யோக்கியதை கார்த்திகை மாதத்தில் தெரிந்தது. குடுபல்லியில் எங்கள் நிலத்தில் பாதி மல்பெரி, மீதி தக்காளியும் கேழ்வரகும். எட்டு வெள்ளாடு. ஏரிக்கரையிலிருந்து ஓட்டிவரும்போது தெருநாய்க் கூட்டம் விழுந்து, ஒரு சினையாட்டின் தொடையைக் கவ்விவிட்டது. ஆடு உதறிக்கொண்டு மல்பெரித் தோட்டத்துக்குள் பாய்ந்தது. இருட்டிவிட்டது. அடிபட்ட ஆடு கத்தாது. எங்காவது புதருக்குள் ஒடுங்கிப் படுத்துக்கொள்ளும். விடியும்வரை விட்டால் நாய் திரும்ப வரும், இல்லாவிட்டால் நரி வரும்.

ஒரு மணி நேரம் தேடினேன். தோட்டமே பகலாக இருந்தது, ஆனால் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் அப்பா பரண்மேல் கிடந்த மூன்று கட்டை எவரெடியை எடுத்துக்கொண்டு வந்தார். பல்பு போட்ட பழைய டார்ச். காமாலைக்காரன் கண்போல மஞ்சள் வெளிச்சம், பத்தடிக்கு மேல் போகாது.

“அந்த வெள்ள லைட்ட அணைடா மொதல்ல, கண்ணு பூத்துப்போச்சு.”

அணைத்தேன். அவர் குனிந்து, டார்ச்சை முழங்கால் உயரத்தில் பிடித்துக்கொண்டு நடந்தார். நாலாவது வரிசையில் நின்றார். ஓர் இலையின் ஓரத்தில் மிளகளவு சிவப்பு. அந்தச் செடியை நான் இரண்டு தடவை தாண்டிப் போயிருந்தேன். அங்கிருந்து இருபது அடியில் இன்னொரு சொட்டு, பிறகு வாய்க்கால் கரை, அதையொட்டி உண்ணிச்செடிப் புதர். உள்ளே ஆடு.

மறுநாளிலிருந்து டார்ச் பைத்தியம் பிடித்தது எனக்கு.

விஷயம் இதுதான். வெள்ளை எல்இடி என்பது உண்மையில் ஒரு நீல விளக்கு. நீலச் சில்லின்மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் பூச்சு. நீலமும் மஞ்சளும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகப் படுகிறது. மலிவான டார்ச்சில் அந்தக் கலவையில் அடர்சிவப்பு உப்புக்குக்கூட இருக்காது. ரத்தமோ பச்சையையும் நீலத்தையும் விழுங்கிவிட்டு, 600 நானோமீட்டருக்கு மேலுள்ள சிவப்பை மட்டும் திருப்பி அனுப்புகிற பொருள். அனுப்புவதற்குச் சரக்கே வந்து சேராதபோது கறுப்பாகத்தான் நிற்கும். கறுப்புப் புள்ளிக்கு ஒரு தோட்டத்தில் பஞ்சமா? பழைய பல்பிலோ சூடான கம்பி எரிகிறது, சிவப்பு தாராளம். பெட்ரோமாக்ஸும் வெதுவெதுப்பான வெளிச்சம்தான். அமெரிக்காவில் மான் வேட்டையாடும் பெரியவர்கள், அடிபட்ட மான் விட்டுப்போன ரத்தத் தடத்தைத் தேட இன்றும் மேன்டில் கட்டிய விளக்கைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்றால் அதில் காரணம் இருக்கிறது. மேன்டிலைத் தொட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் ‘வைதேகி காத்திருந்தாள்’ பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சி.ஆர்.ஐ. என்று ஒரு மதிப்பெண் உண்டு, நிறங்களை எவ்வளவு ஒழுங்காகக் காட்டுகிறது என்பதற்கு. அது எட்டு வெளிர்நிறங்களின் சராசரி. அடர்சிவப்பு ஒன்பதாவது, பெயர் ஆர்9, சராசரியில் சேராது. ஆகவே எட்டுப் பாடத்தில் எழுபது வாங்கிப் பாஸான எல்இடி, ஒன்பதாவதில் பூஜ்யத்துக்கும் கீழே போயிருக்கலாம். மைனஸ் மார்க் வாங்குகிற ஒரே பாடம் நமக்கு வேண்டிய பாடம்.

இனி நான் இரண்டு மாதமாக வைத்திருக்கும் டார்ச். ஓசூரில் ஒருவர் சீனத்து அலுமினிய உடம்பில் நாம் கேட்கிற எல்இடியைப் பொருத்தித் தருகிறார். நான் கேட்டது நிச்சியா 519ஏ, 4,500 கெல்வின், சி.ஆர்.ஐ. 90க்கு மேல், ஆர்9உம் நல்ல மார்க். ஒரு 18650 செல். வெளிச்சம் சில நூறு லூமன். உள்ளங்கைக்குள் அடங்கும். மற்ற கணக்குகளை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

நிச்சியா மேல் எனக்குப் பாசமும் உண்டு, கோபமும் உண்டு. ஷுஜி நகமுரா பிரகாசமான நீல எல்இடியைச் செய்தது அந்தக் கம்பெனியில்தான். 2014இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. காப்புரிமைக்கு வெகுமதியாகக் கம்பெனி முதலில் தந்தது 20,000 யென். அவர் வழக்குப் போட்டு, 2005இல் சமரசமாக 84 கோடி யென் வாங்கினார். ஆனாலும் அவர்கள் செய்கிற சிவப்பை இன்னும் ஒருவரும் இந்த விலைக்குத் தரக் காணோம்.

சோதனை செய்யாமல் எழுதக் கூடாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு, அறுப்பு நடக்கும் கறிக்கடையில் ஒரு டம்ளர் ஆட்டு ரத்தம் வாங்கினேன். உறைவதற்குள் ஓடிவந்து, மல்பெரி வரிசையில் இருபது இடத்தில் சொட்டுவிட்டேன். அக்கா பையனைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன். பஜார் டார்ச்சில் பாதிகூடத் தேறவில்லை. கண்டுபிடித்ததும் சிவப்பைப் பார்த்து அல்ல, ஈரம் மினுங்கியதைப் பார்த்து. புது டார்ச்சில் ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் சொன்னான். அவை மண்ணில் விழுந்தவை. எங்கள் மண் செம்மண். அதில் விழுந்த சொட்டை எந்த விளக்கும் காட்டிக்கொடுக்காது, குனிந்து பார்க்க வேண்டியதுதான்.

அவன் இன்னொன்றும் செய்தான். பஜார் டார்ச்சை வைத்துக்கொண்டு, நான் சொட்டுவிடாத இடங்களிலெல்லாம் “இங்க இருக்கு மாமா” என்றான். போய்ப் பார்த்தால் மல்பெரிப் பழம். மிதிபட்டு நசுங்கிய பழம், அந்த நீலவெள்ளை வெளிச்சத்தில் அசல் ரத்தக்கறை. புது டார்ச்சை அடித்ததும் பழம் ஊதாவாகவும் ரத்தம் ரத்தமாகவும் பிரிந்து நின்றன. இந்த ஒரு காட்சிக்காகவே கொடுத்த பணம் செரித்தது. அப்படியும் சந்தேகம் வந்தால் மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடை ஒரு துளி விடுங்கள். ரத்தமென்றால் நுரைக்கும், பழக்கறை அப்படிப் பொங்காது.

வெளிச்சத்தைக் குறைத்து வைத்தும் பார்த்தேன். உதவாது. வெளிச்சம் மங்க மங்க நம் கண்ணுக்கு முதலில் செத்துப்போகும் நிறம் சிவப்பு. செக் நாட்டு விஞ்ஞானி பர்கின்யே இருநூறு வருடம் முன்பே கவனித்தது இது. அதற்காக முழு வேகத்தில் அடித்தாலும் பனி விழுந்த இலை கண்ணைக் கூசவைக்கும். நடு அளவு, நாலடி தூரம், கை தாழ்ந்து. தலையில் மாட்டும் விளக்கு வேண்டாம். கண்ணுக்கு நேராக அடிக்கிற வெளிச்சத்தில் நிழலே விழாது, குளம்புத் தடம் தட்டையாகிவிடும். 2001இல் மூடும்வரை பிசாநத்தம் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். ஆயுசெல்லாம் தலைவிளக்கோடு திரிந்தவர், அவரே இதைத்தான் சொன்னார்: “பாக்கணும்னா கழட்டிக் கையில புடிப்போம்.”

யாரிடம் சொன்னாலும் “சினிமாவுல போலீஸ் ஒரு நீல லைட் அடிப்பாங்களே, அதை வாங்கலாமே” என்கிறார்கள். ரத்தம் புற ஊதா ஒளியில் மின்னாது. இன்னும் கறுக்கத்தான் செய்யும். சினிமாவில் மின்னுவது லூமினால் என்ற மருந்து தெளித்த பிறகு. சிவப்பையும் நீலத்தையும் கலந்து ‘ரத்தம் தேடும் டார்ச்’ என்று வேட்டைக்காரர்களுக்கு வெளிநாட்டில் விற்கிறார்கள். அதன் விலைக்கு நல்ல வெள்ளை எல்இடி ஒன்று வாங்கலாம்.

பேட்டரி பற்றிப் பேசினால் எனக்கு ரத்தக்கொதிப்பு வரும். 18650 என்றால் 18 மி.மீ. குறுக்களவு, 65 மி.மீ. நீளம். அந்தக் கூட்டுக்குள் நல்ல கம்பெனிகள் பொதுவாக அடைப்பது ஏறக்குறைய 3,500 எம்ஏஎச். பஜாரில் 9,900 என்று எழுதி விற்கிறார்கள். கையில் எடுத்தால் வெறும் தகரடப்பா கனம். நல்ல செல் 45 கிராமுக்குக் குறையாது. வீட்டில் தராசு இருந்தால் போதும்.

இந்த டார்ச் தூரம் அடிக்காது. ஐம்பது அறுபது அடிக்கு மேல் மங்கிவிடும். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. இந்தப் பக்கத்தில் இரவில் நடக்கிறவனுக்குத் தூரத்து மலையைவிடக் காலடிக் கம்பி முக்கியம். காட்டுப்பன்றிக்கென்று திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய கம்பி கட்டுகிறார்கள், மாடும் செத்திருக்கிறது, ஆட்களும் செத்திருக்கிறார்கள், யானையும் செத்திருக்கிறது. பரந்த வெளிச்சத்தில்தான் அந்த மெல்லிய கோடு தட்டுப்படும். கண் மினுங்குவதைப் பார்த்து மிருகத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று நம்பியிருக்கவும் கூடாது. ஆட்டுக்கண் மினுங்கும், நாய்க்கண் மினுங்கும், புல்லிலிருக்கும் சிலந்திகூட மினுங்கும். பன்றிக்கு அந்தப் பிரதிபலிப்புப் படலமே கிடையாது.

யானை வந்திருப்பதாகத் தகவல் இருந்தால் டார்ச்சை ஆணியிலேயே மாட்டிவிடுகிறேன். கௌண்டின்யா சரணாலயம் பக்கத்தில். ஆடு போனால் போகட்டும். டார்ச்சும் கையுமாகக் காட்டோரம் திரிந்தால் வனத்துறைக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இங்கே இருட்டில் ரத்தத் தடம் தேடுகிறவன் ஆட்டுக்காரன் என்று முதலில் யாரும் நினைப்பதில்லை.

குறை ஒன்று உண்டு, அது ஓசூர்க்காரர் தேர்ந்தெடுத்த உடம்பின் குறை. சுவிட்ச் பின்பக்கம். பாதி அழுத்தினால் வெளிச்சம் மாறுகிறது, மூன்றாவது அழுத்தில் சிமிட்டத் தொடங்குகிறது. அடிபட்ட ஆட்டின் முன்னால் குந்தி, ஒரு கையால் காதைப் பிடித்துக்கொண்டு, கல்யாண மண்டப சீரியல் செட்போல சிமிட்டுகிற டார்ச்சை மறு கையால் திட்டிக்கொண்டிருப்பது பெரிய அவமானம். சிமிட்டும் வெளிச்சம் யாருக்கு வேண்டும்? எந்த விவசாயி கேட்டான்?

இன்னொரு குறை, டார்ச் இப்போது என்னிடம் இல்லை. வி.கோட்டா மண்டிக்குத் தக்காளி போகிற நாளில் ராத்திரியிலேயே தரம் பிரிக்க வேண்டும். கொட்டகை விளக்கில் செங்காயும் பழமும் ஒரே நிறமாகத் தெரியும் என்று அம்மா பல நாளாகப் புலம்பிக்கொண்டிருந்தாள். ஒருநாள் என் டார்ச்சை எடுத்துக் கிரேட்டுக்கு மேலே கட்டித் தொங்கவிட்டாள். கேட்டால், “உனக்கு ஆடு காணாமப் போனா சொல்லு, தரேன்” என்கிறாள்.