ஒட்டவைத்த இரைச்சல்

வில்லியம் வைலரின் 'மெம்ஃபிஸ் பெல்' (1944) படத்தை ஏற்கனவே இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். மூன்றாவது தடவை, நண்பர்கள் நடத்திய ஒரு சிறு திரையிடலில், விமானங்கள் ஓடுபாதையை விட்டுக் கிளம்புகிற இடத்தில் ஒலிபெருக்கி செத்துப்போயிற்று. யாரோ வயர்களைப் பிடுங்கிச் சொருகிக்கொண்டிருந்தார்கள். படம் நிற்கவில்லை. முணுமுணுப்பு, இரண்டு பேர் டீ குடிக்க எழுந்து போனார்கள். கால் மணி நேரத்துக்கு மேல் அந்தப் படம் ஊமையாக ஓடிற்று. அந்தக் கால் மணி நேரந்தான் நான் அதை முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

முதலில் உறைத்தது வேகமின்மை. ஒவ்வொன்றிலும் நான்கு எஞ்சின், ஒவ்வொரு எஞ்சினுக்கும் 1,200 குதிரை சக்தி. அப்படிப்பட்ட பி-17 விமானங்கள் நீலத்தில் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தன. பின்னால் வெள்ளைப் புகைக்கோடுகள். எதிரி விமானங்கள் கண்ணில் விழுந்த தூசி மாதிரி வந்து மறைந்தன. துப்பாக்கி அதிர்ந்தது, தோட்டாக் கூடுகள் உதிர்ந்தன, எல்லாம் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல. பிறகுதான் இன்னொன்று தெரிந்தது: படமே நடுங்கிக்கொண்டிருந்தது. கையில் பிடித்த காமிராவின் சாதாரண ஆட்டம் அல்ல, நுண்ணிய, ஓயாத நடுக்கம். முந்தைய இரண்டு தடவையும் எஞ்சின் இரைச்சல் இதை என்னிடமிருந்து மறைத்துவிட்டிருந்தது. அந்தப் படச்சுருளில் எஞ்சின் சப்தத்தின் உண்மையான பதிவு ஏதாவது உண்டென்றால் அது இந்த நடுக்கம் ஒன்றுதான்.

ஏனென்றால் மற்ற சப்தம் எல்லாம் பின்னால் ஒட்டவைத்தது. 1943-ல் வைலரும் அவருடைய ஆட்களும் இங்கிலாந்திலிருந்து ஜெர்மனி மேல் பறந்தபோது வைத்திருந்தவை 16 மி.மீ. காமிராக்கள், கொடாக்ரோம் வண்ணச்சுருள். 35 மி.மீ. காமிராவைக் குண்டு விமானத்துக்குள் வைத்துக்கொண்டு நகரக்கூட முடியாது. உறைகிற குளிர், ஆக்ஸிஜன் குழாய் எட்டுகிற தூரம்தான் நடமாட்டம். ஒலிப்பதிவுக்கு வழியே இல்லை. விமானிகள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதாகப் படத்தில் நாம் கேட்பது, அவர்கள் கடமை முடிந்து அமெரிக்கா திரும்பியபின் ஹாலிவுட்டில் பதிவானது. குரல்கள் அவர்களுடையவைதாம். ஆனால் திரையில் தங்கள் முன் ஓடும் ஆகாயத்தைப் பார்த்துப் பேசியவை. அந்த ஆகாயமும் ஒரே நாளின் ஆகாயம் அல்ல. படம் 1943 மே 15-ந் தேதி வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் மேல் நடந்த ஒரே தாக்குதலாகக் கதை சொல்கிறது. சுருள்களோ பல நாட்களில், பல விமானங்களிலிருந்து எடுத்தவை. 

வைலரின் குழுவில் ஹரால்ட் டானன்பாம் என்று ஒருவர். தொழில்படி ஒலிப்பதிவாளர். பதிவு செய்ய ஒலி இல்லாத இடத்தில் அவரும் காமிராவைக் கையில் எடுத்தார். 1943 ஏப்ரல் 16-ந் தேதி அவர் போன விமானம் பிரான்ஸ் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டது. ஒலிப்பதிவாளன் ஊமைக் காமிராவோடு செத்துப்போன கதையை வைத்துக்கொண்டு உருவகம் பண்ணுவது சுலபம். பண்ண மனம் வரவில்லை.

படத்தின் மிகப் பிரசித்தமான பகுதிக்கு வருகிறேன். அடிபட்ட ஒரு பி-17 கூட்டத்திலிருந்து பிரிந்து, மெதுவாகச் சுழன்று விழுகிறது. ஒலியோடு பார்க்கும்போது, விமானிகள் பதறுகிறார்கள், குதியுங்கள் என்று கத்துகிறார்கள், விரியும் பாரசூட்டுகளை எண்ணுகிறார்கள். நம் மனமும் கூடவே எண்ணுகிறது. தொண்டை அடைக்கிறது. முதல் தடவை எனக்கும் அடைத்தது. ஊமையாகப் பார்க்கும்போது எண்ணுவதற்கு ஆள் இல்லை. நாமே தேட வேண்டியிருக்கிறது. அந்த வெள்ளைப் புள்ளி பாரசூட்டா, புகையா, சுருளில் ஒட்டிய தூசியா? தெரியவில்லை. அது சின்னதாகிக்கொண்டே போகிறது, காமிரா அதைத் தவறவிடுகிறது, மறுபடி பிடிக்கிறது, தவறவிடுகிறது. அதை எடுத்தவனுக்கும் தெரியாது. அந்தத் தெரியாமைதான் அந்தச் சுருளில் பதிவாகியிருக்கும் அனுபவம். ஸ்டுடியோவில் சேர்த்த குரல் அதைத் தெரிந்த விஷயமாக மாற்றிவிட்டது. துக்கத்தைக்கூட எண்ணிக்கை போட்டுக் கையில் கொடுத்துவிட்டது. விழுந்துகொண்டிருந்தவர்கள் நிஜ மனிதர்கள். அவர்களுக்காகப் பதறிய குரலோ ஒத்திகை பார்த்த குரல்.

திரையிடல் முடிந்தபின் இதைச் சொன்னபோது ஒரு நண்பர் மடக்கினார். தமிழ் சினிமா பார்த்து வளர்ந்தவனுக்கு இந்த ஆசாரம் ஏன்? கதாநாயகி பேசுவது யார் குரல், பாடுவது யார் குரல் என்று நாம் எப்போதாவது கேட்டோமா? நல்ல அடி. கேட்டதில்லைதான். ஆனால் அங்கே உதடு அசைகிறது. அசையும் உதட்டுக்கு ஒரு குரல் கொடுப்பது ஒப்பந்தம், எல்லோருக்கும் தெரிந்த ஒப்பந்தம். இங்கே யாருடைய உதடும் தெரியவில்லை. ஆக்ஸிஜன் முகமூடி மூடியிருக்கிறது. குரல் உதட்டுக்குக் கொடுக்கப்படவில்லை, ஆகாயத்துக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. எனக்குப் படுவது இதுதான்: சேர்த்த சப்தம் பொய் என்பது பெரிய குற்றமில்லை. அது பார்ப்பவனை எங்கே உட்கார வைக்கிறது என்பதுதான் கேள்வி. எஞ்சின் இரைச்சல் எழுந்த மறுகணம் நாம் விமானத்துக்குள் இருக்கிறோம், பத்துப் பேரோடு பதினோராவது ஆளாக. அப்புறம் கீழே எழும் வெள்ளைப் புகைகள் வெறும் இலக்கு. ஊமைப் படத்தில் அப்படி உட்காரும் இடம் கிடைப்பதில்லை. எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல், மேலுமில்லை கீழுமில்லை என்று, சங்கடத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது.

தொலைக்காட்சி யுத்தத் தொடர்களைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. எந்த விமானம் சாய்ந்து இறங்கினாலும் ஸ்டூகாவின் ஊளை. அந்த ஊளைக்கருவி கீழே இருப்பவர்களைக் கதிகலங்க வைப்பதற்கென்றே ஜெர்மானியர் தங்கள் குண்டு விமானத்தின் காலில் பொருத்தியது என்பதும், மற்ற விமானங்களுக்கு அது கிடையாது என்பதும் யாருக்கு வேண்டும்? 25,000 அடி கீழே புகை எழும் அதே நொடியில் 'டமார்'. அந்தச் சப்தம் அவ்வளவு உயரம் ஏறி வர இருபது வினாடிக்கு மேலாகும். வந்தாலும் எஞ்சின் இரைச்சலில் யார் காதிலும் விழாது.

எரிக் நெல்சனின் 'த கோல்ட் ப்ளூ' (2018) இந்த வகை அல்ல. வைலர் படத்துக்காக எடுத்துப் பயன்படாமல் போன சுமார் 15 மணி நேரச் சுருள்கள் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் இருந்தன. நெல்சன் அவற்றைத் துடைத்துச் சீர்செய்து, உயிரோடிருந்த முதிய விமானிகளைப் பேசவைத்து ஒரு படம் செய்தார். கிழவர்களின் பேச்சு அருமை. அது இன்றைய பேச்சு என்பதை மறைக்கவில்லை. படத்துக்கும் குரலுக்கும் நடுவே எழுபத்தைந்து வருஷம் இருப்பது ஒவ்வொரு சொல்லிலும் கேட்கிறது. ஆனால் எஞ்சின் சப்தத்துக்காக, இன்னும் பறக்கிற பி-17 ஒன்றில் ஏறிப் பதிவு செய்து சேர்த்திருக்கிறார்கள். இந்த விசுவாசம் எனக்குப் பிடிபடவில்லை. சரியான எஞ்சினின் சரியான சப்தம். இருந்தும் அது அந்த நாளின் சப்தம் அல்ல. சுற்றுலா போல அமைதியாகப் பறந்த எஞ்சினின் சப்தம், சாவுக்குப் போன எஞ்சினின் மேல். முன்னதைவிட நேர்த்தியான ஒட்டு, அவ்வளவே.

கீழே இருந்தவர்களின் காது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1945 ஆகஸ்ட் 6-ந் தேதி ஹிரோஷிமா மேல் எழுந்த புகைக் காளானை, உடன் சென்ற விமானத்திலிருந்து ஹரால்ட் அக்ன்யூ 16 மி.மீ. காமிராவில் பிடித்தார். அதுவும் ஊமைச் சுருள்தான். அதோடு நாம் கேட்கும் முழக்கம் எல்லாம் சேர்த்தவை. அந்த நகரத்து ஜனங்கள் அதற்கு வைத்த பேர் 'பிகா'. பளிச்சென்ற ஒளி என்று அர்த்தம். தள்ளி இருந்தவர்கள் 'பிகாடோன்' என்றார்கள். 'டோன்' வெடிச் சப்தம். நகரத்துக்குள் இருந்து பிழைத்தவர் பலருக்கு 'டோன்' கேட்டதாகவே நினைவில்லை. ஒரு வார்த்தையின் பின்பாதி, நீ எங்கே நின்றாய் என்று சொல்லிவிடுகிறது. எந்த ஒலிக்கலைஞன் இதைக் கணக்கில் எடுத்திருக்கிறான்?

இதையெல்லாம் வைலர் மேல் குற்றப்பத்திரிகையாக எழுதவில்லை. யுத்தத்துக்காக யுத்த நடுவில் செய்த படம்; அல்ஸாஸில் பிறந்த யூதர் அவர். ஹிட்லருக்கெதிராகத் தன் தொழிலைக் கொடுத்த மனிதரிடம் நிசப்தம் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம். தவிர, அவருடைய கதை அத்தோடு முடியவில்லை. 1945 ஏப்ரலில், 'தண்டர்போல்ட்' படத்துக்காக இத்தாலியில் ஒரு பி-25 விமானத்தில் பறந்து படமெடுத்துவிட்டு இறங்கியபோது அவருக்குக் காது கேட்கவில்லை. எஞ்சின் இரைச்சல் அடித்துவிட்டது. பிற்பாடு ஒரு காதில் கொஞ்சம் திரும்பிற்று. 1946-ல் 'த பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' எடுக்கும்போது நடிகர்கள் பேசுவதைக் கேட்க ஒலியைப் பெருக்கும் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்தப் படத்தில் ஒரு காட்சி. யுத்தத்திலிருந்து திரும்பி வேலை கிடைக்காத முன்னாள் விமானப்படைக்காரன், டானா ஆண்ட்ரூஸ் நடித்தது, கழித்துப்போட்ட விமானங்கள் வரிசை வரிசையாக நிற்கும் மைதானத்தில் நடக்கிறான். ஒரு பி-17-க்குள் ஏறி மூக்குப்பகுதியில், தான் முன்பு உட்கார்ந்த இடத்தில் உட்காருகிறான். கண்ணாடி முழுக்க அழுக்கு. காமிரா எஞ்சின் இருந்த இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டுகிறது. எஞ்சின்கள் இல்லை, விசிறிகள் இல்லை, பொந்துகள் மட்டும். அப்போது எஞ்சின்கள் ஒவ்வொன்றாகக் கிளம்புகின்றன. ஹ்யூகோ ஃப்ரீட்ஹோஃபரின் வாத்தியங்களும் ஒலிப்பிரிவும் சேர்ந்து கிளப்புகின்றன. விமானம் அங்குலம் நகரவில்லை. அவன் முகம் வியர்க்கிறது. இதுவும் ஒட்டவைத்த சப்தந்தான். ஆனால் ஒரு மனிதனின் மண்டைக்குள் மட்டும் கேட்பது என்று நமக்குத் தெரிகிற சப்தம். கீழேயிருந்து ஒரு ஆள் கூப்பிட்டு, இறங்கு என்கிறான். இந்தத் தகரத்தையெல்லாம் உடைத்து வீடு கட்டக் கொண்டுபோகப் போகிறார்களாம். இவன் இறங்கி வந்து, வேலை இருக்குமா என்று கேட்கிறான்.